காலியாக வந்தது

நான் அவரை முதன்முதலில் பார்த்தபோது ஒரு டீயைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நொய்டாவில் எங்கள் அலுவலகத்துக்கு எதிரே இருந்த கடை அது. வேலையில் சேர்ந்த புதிது எனக்கு. மென்பொருள் எழுதும் பிரிவில் ஒரு தமிழ்ப் பெண்மணி இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அறிமுகம் செய்துகொள்ளப் போய் நின்றிருந்தேன். "இதில் சீனி இருக்கிறது" என்று இந்தியில், குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைக்காரர் தம்ளரை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சீனி எதற்காக ஒரு குற்றம் என்று அவருக்குப் புரியவில்லை.

"சீனி வேணாம்னு சொல்லியிருந்தீங்களா மேடம்?" என்று தமிழில் கேட்டேன். என் அறிமுகங்கள் எல்லாமே இப்படி மூக்கை நுழைத்துத்தான் தொடங்கியிருக்கின்றன.

"சொல்லலை."

"அப்புறம்?"

"வேணும்னும் சொல்லலைல்லா."

சர்க்கரை நோயோ என்று பரிதாபப்பட்டேன். அதுவும் இல்லை. அவருக்குச் சீனி பிடிக்கும். இரண்டு கரண்டி போட்டால்தான் குடிப்பார். ஆனால் கேட்டுவிட்டுப் போட வேண்டும். டெல்லிப் பக்கத்தில் டீ என்றால் கொதிக்கும்போதே சீனியும் சேர்ந்ததுதான். அதைக் கேட்பதும் தண்ணீர் ஊற்றட்டுமா என்று கேட்பதும் ஒன்று. இருந்தும் அந்தக் கடைக்காரர் மறுநாளிலிருந்து அவருக்கு மட்டும் தனிப் பாத்திரத்தில் டீ வைத்து, "சீனி, மேடம்-ஜி?" என்று கேட்க ஆரம்பித்தார். இவரும் அப்போதுதான் யோசிப்பவர்போல ஒரு கணம் நின்று, போடச் சொல்வார். வருடக்கணக்கில் நடந்த உரையாடல். கேள்வியும் மாறவில்லை, பதிலும் மாறவில்லை. இத்தனை பெரிய நகரத்தில் அவரை நாள்தோறும் ஒரு கேள்வி கேட்ட மனிதர் அந்தக் கடைக்காரர் ஒருவர்தான் என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

அந்த நிறுவனத்தில் என் வேலை கையேடு எழுதுவது. மற்றவர்கள் மென்பொருள் எழுதுவார்கள். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று நான் எழுதுவேன். என் கையேடுகளை யாரும் படித்ததில்லை. படிக்கப்படாத எழுத்தாளர்கள் நாட்டில் நிறையப் பேர் உண்டு என்றாலும், அவர்களுக்குக் குறைந்தபட்சம் ஒரு மைத்துனராவது வாசகராக இருப்பார். எனக்கு அதுவும் இல்லை. இவர் ஒருவர்தான் நான் எழுதியதை வரி வரியாகப் படித்தார். படித்துவிட்டு, "நான் சொல்லாததை எழுதியிருக்கிய அண்ணாச்சி" என்று திருப்பிக் கொடுப்பார். டீயைப் போலவே.

அண்ணாச்சி என்று அவர் என்னைக் கூப்பிட்டது மரியாதையா கேலியா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். டெல்லியில் பிறந்து வளர்ந்தவர்தான். சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் தாமிரபரணித் தண்ணீரைக் கண்ணால் பார்க்காமலே அந்த ஊர்த் தமிழை வீட்டில் கற்றவர். ஒன்றிரண்டு வயது என்னைவிட மூத்தவர். மூத்தவர் ஒருவர் அண்ணாச்சி என்று கூப்பிட்டால் மனுஷனுக்குத் தலைமுடி தானாக நரைக்கிறது.

அவர் வேலையைச் சொன்னால்தான் அவரைச் சொல்ல முடியும். இணையப் பக்கத்தில் பெயர், தேதி, ஊர் என்று கட்டங்களை நிரப்பிப் பொத்தானை அமுக்குகிறோம் அல்லவா? ஒவ்வொரு கட்டமும் ஒரு பெயரும் ஒரு மதிப்புமாக மறுமுனைக்குப் போகிறது. பாராமீட்டர் என்பார்கள். மறுமுனையின் வாசலில் நின்று அவற்றை வாங்கி, சரிபார்த்து, உள்ளே அனுப்பும் நிரலை எழுதுவது அவர் வேலை. ஜாவா என்ற நிரல்மொழியில் அதற்கென்றே ஃபிரேம்வொர்க் என்கிற ஒரு சட்டகம் ஆயத்தமாக இருக்கிறது. அதில் ஒரு சௌகரியம் உண்டு: இன்ன பெயரில் எதுவும் வராவிட்டால் இதை வைத்துக்கொள் என்று முன்கூட்டியே ஒரு மதிப்பை எழுதிவிடலாம். அதற்கு டீஃபால்ட் என்று பெயர். டீக்கடைக்காரர் போட்ட சீனி மாதிரி.

அந்தச் சௌகரியத்தை அவர் தொடவே மாட்டார்.

காரணம் இல்லாமல் இல்லை. கல்யாண மண்டபம் பதிவு செய்யும் தளம் ஒன்றை நாங்கள் செய்துகொடுத்திருந்தோம். எங்கள் மேலாளர், மீரட்காரர், நல்ல மனிதர், தேதி வராவிட்டால் இன்றைய தேதியை எடுத்துக்கொள் என்று அதில் தம் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார். ரோஹிணியில் ஒரு பெரியவர் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு வாடகை என்ன ஆகும் என்று பார்க்க, பண்டிதர் இன்னும் நாள் சொல்லாததால் தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டு அமுக்கியிருக்கிறார். சாயங்காலம் மண்டபத்துக் காவலாளி அவருக்குப் போன் போட்டு, விளக்கெல்லாம் போட்டாயிற்று, மாப்பிள்ளை வீட்டார் எங்கே என்று கேட்டிருக்கிறார். பெரியவருக்கு மாப்பிள்ளையே இன்னும் முடிவாகவில்லை.

அலுவலகமே சிரித்தது. நான் அதை வைத்து ஒரு கட்டுரையே தேற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இவர் மட்டும் சிரிக்கவில்லை. தளம் முழுவதும் தேடி எல்லா டீஃபால்டுகளையும் பிடுங்கி எறிந்தார். அந்த இடத்திலெல்லாம் கேள்விகளை வைத்தார். "தேதி வரவில்லை. எந்தத் தேதி?" "ஊர் காலியாக இருக்கிறது. ஏன்?" இந்த "ஏன்" மட்டும் வேண்டாம் என்று மேலாளர் கெஞ்சி எடுக்க வைத்தார்.

"வராதது வேற, காலியா வந்தது வேற அண்ணாச்சி" என்று அன்று மெட்ரோவில் எனக்கு விளக்கினார். "கட்டமே வரலைன்னா ஆளே வரலைன்னு அர்த்தம். கட்டம் வந்து உள்ள ஒண்ணும் இல்லைன்னா, ஆள் வந்து வாசல்ல நிக்காருன்னு அர்த்தம். என்ன சொல்லன்னு தெரியாம நிக்காரு. டீஃபால்ட் ஒண்ணைப் போட்டுட்டா, இந்தச் சட்டகம் ரெண்டையும் ஒண்ணாத்தான் பாக்கும். காலியா வந்தாலும் வராத மாதிரி நெனச்சு, தான் வச்சுருக்கிறதைப் போட்டுரும். வாசல்ல நிக்கிறவரை யாரு பாக்கிறது?"

நாங்கள் இருவரும் துவாரகாவில், அடுத்தடுத்த அடுக்குமாடிச் சொசைட்டிகளில் இருந்தோம். நொய்டாவிலிருந்து துவாரகாவுக்கு மெட்ரோவில் டெல்லியைக் குறுக்கே அறுத்துக்கொண்டு வர வேண்டும். நான் பேசுகிறவன். அவர் கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் சொல்ல மாட்டார், தானாக எதையும் கேட்கவும் மாட்டார். ஒருநாள் என் தொண்டை கட்டிப்போய் நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை. இறங்கும்போது, "நாளைக்குப் பாப்போம்" என்றார், நல்ல உரையாடல் ஒன்று முடிந்த திருப்தியோடு. எனக்கு உடம்புக்கு என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மறுநாள் அதைக் குத்திக் காட்டினேன். "நீங்க ஒண்ணும் சொல்லலை. நானா ஒரு நோயைப் போட முடியுமா?" என்றார். அவரோடு பழகுவது என்பது, நாம் அனுப்பியது மட்டுமே போய்ச் சேரும் ஒரு தபால் நிலையத்தோடு பழகுவது. சில நாட்களில் அது பெரிய நிம்மதி. சில நாட்களில் எரிச்சல்.

மற்றவர்களிடமும் அப்படித்தான். ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலில் ஒரு கிருத்திகை நாளில் பிரசாத வரிசையில் நின்றோம். முன்னால் நின்ற மாமி திரும்பி இவரைப் பார்த்துச் சிரித்து, குழந்தைகள் எத்தனை, என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தார்.

"கல்யாணம் ஆச்சான்னு முதல்ல கேக்கணும்லா" என்றார் இவர், கோபமே இல்லாமல், விடுபட்ட படியைச் சுட்டிக் காட்டுவதுபோல.

மாமி அதற்குப் பிறகு எதையுமே கேட்கவில்லை. முருகனைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இவர் கொஞ்ச நேரம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. ஆகவில்லை என்பதை, ஏன் ஆகவில்லை என்பதை, எல்லாவற்றையும் சொல்லக் காத்திருந்த முகம் அது. ஆனால் அவரைச் சரியான வரிசையில் கேட்கிற பொறுமை யாருக்கு இருக்கிறது?

அவர் வீட்டுக்குள் நான் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கையேட்டுப் பிரதியை வாங்கிவர. அப்பா ஓய்வுபெற்ற பணத்தில் வாங்கிய பிளாட். அப்பாவும் அம்மாவும் சுவரில் மாலையோடு இருந்தார்கள். கூடத்து மூலையில் பிஸ்கட் நிறத்தில் ஒரு பழைய லேண்ட்லைன் போன். அந்தச் சொசைட்டியில் வேறு எந்த வீட்டிலும் அப்போது லேண்ட்லைன் இல்லை. நான் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அது அடித்தது.

எடுத்தார். "ஆமா, இங்கதான் இருக்கேன்" என்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. காதில் வைத்தபடி நின்றார். கடன் வேண்டுமா என்று கேட்கிற கூட்டமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அவர்கள் யாரையும் இவ்வளவு நேரம் பதில் சொல்லாமல் நிற்க விடமாட்டார்கள். மின்விசிறி சுற்றியது. ரொம்ப நேரம் கழித்து மறுமுனையில் வைத்த சத்தம் எனக்கே கேட்டது. அதற்குப் பிறகுதான் இவர் வைத்தார்.

"யாரு?" என்றேன்.

"சொல்லலை."

கேட்டேன், அதனால் சொன்னார். அவருக்கு ஒரு தம்பி. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவன். போனவன் போனவன்தான், கடிதம் இல்லை, ஆள் வழியாகக்கூட ஒரு சொல் இல்லை. அப்பா இறந்த பிறகு இந்தப் போன் வர ஆரம்பித்தது. எப்போதாவது ஒருமுறை. எடுத்தால் மறுமுனையில் பேச்சு இருக்காது.

"உங்க தம்பிதாங்க. சந்தேகமென்ன?" என்றேன்.

"தம்பின்னு வந்துச்சா?"

"வரலை. ஆனா..."

"பெறவு நீங்க எதுக்கு அதுல தம்பியைப் போடுதிய?"

நம்பர் காட்டும் கருவி ஒன்றை வாங்கி மாட்டினால் எங்கிருந்து வருகிறது என்றாவது தெரியும் என்றேன். அவர் என்னைக் கொஞ்சம் அருவருப்போடு பார்த்தார். "அவங்க சொல்லாததை நாம எட்டிப் பாக்கிறதா?" பிறகு எனக்குச் சாப்பிடத் தட்டை எடுத்து வைத்தபடி, போனைப் பார்க்காமல் சொன்னார். "வராம இல்ல அண்ணாச்சி. காலியா வருது. அது போதும்."

அவருக்கு அது போதும் என்பதை நான் நம்பவில்லை. மணி அடித்தபோது அவர் எழுந்த வேகத்தை நான் பார்த்திருந்தேன்.

அடுத்த குளிர்காலத்தில் எங்கள் நிறுவனம் நொய்டா அலுவலகத்தைச் சுருக்கிப் புனேவுக்குப் போக முடிவு செய்தது. என்னைப் போன்ற கையேட்டுக்காரர்களை அது எங்கும் கூட்டிப்போவதாக இல்லை. வீட்டிலிருந்தே எழுதிக்கொடு, கொடுக்கிறதை வாங்கிக்கொள் என்றது. நிரல் எழுதுகிறவர்களுக்கு உள் தளத்தில் ஒரு பக்கம் வைத்தார்கள். புனேவுக்கு வரச் சம்மதமா? கீழே ஒரே ஒரு கட்டம். முடியாது என்று காரணத்தோடு எழுதுகிறவர்களுக்கு டெல்லியில் சில இடங்கள் மிச்சம் இருந்தன.

அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இருந்த நிரல் இவர் எப்போதோ வேறொரு காரியத்துக்கு எழுதியது. அதில் டீஃபால்ட் கிடையாது என்று அவருக்குத் தெரியும். காலியாக வந்தால் அது எந்தப் பக்கமும் சேராது, அப்படியே நிற்கும், ஒரு மனிதர் எழுந்துவந்து என்ன விஷயம் என்று கேட்டே ஆக வேண்டும். அப்படித்தான் அதை அமைத்திருந்தார்.

கட்டத்தைக் காலியாக விட்டுப் பொத்தானை அமுக்கினார்.

பிறகு காத்திருந்தார். அந்த நாட்களில் அவர் மேசைக்கு எதிரே சுத்தமாகத் துடைத்த ஒரு காலி நாற்காலி போட்டிருந்ததை நான் பார்த்தேன். யாரோ வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். யாரும் வரவில்லை. கடிதம்தான் வந்தது. புனேவுக்கு வர மகிழ்ச்சியுடன் சம்மதித்ததற்கு நிர்வாகம் அவருக்கு நன்றி தெரிவித்திருந்தது.

அவர் நேராக நிரலைத் திறந்து பார்த்தார். நானும் பின்னால் நின்று பார்த்தேன். மேலாளர் கைவேலை. பாதிப் பேர் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பி, ஒவ்வொருவரையாகப் போய்க் கேட்க வேண்டியிருக்கிறதே என்று, வராவிட்டால் "சம்மதம்" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். சட்டகம் தன் வழக்கப்படி காலியாக வந்ததையும் வராததாக நினைத்து, அதைப் போட்டுவிட்டது.

மேலாளர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். டெல்லி இடங்களெல்லாம் முடியாது என்று எழுதியவர்களுக்குப் போய்விட்டிருந்தன.

"அரே மேடம்-ஜி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார் இந்தியில்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார் இவர்.

அவ்வளவுதான் நடந்த சண்டை. மேலாளர் போகும்போது, வலுவான குடும்பக் காரணம் ஏதாவது இருந்தால் எழுதித் தரச் சொன்னார், மேலே பேசிப் பார்ப்பதாக. நான் மெட்ரோவில் அவரைப் பிடித்துக்கொண்டேன். தம்பி என்று எழுதுங்கள், அந்தப் போனைத் தவிர அவனுக்கு இந்த வீட்டுக்கு வேறு வழி தெரியாது என்று எழுதுங்கள், கல்லும் இரங்கும் என்றேன். நான் எழுதித் தருகிறேன் என்றேன். ஜனக்புரி வரைக்கும் மன்றாடினேன்.

"தம்பின்னு நமக்குத் தெரியாதுல்லா அண்ணாச்சி" என்றார்.

"தெரியாட்டி என்னங்க. ஒரு தடவை. ஒரே ஒரு தடவை போட்டுக்குங்க."

அவர் சன்னலைப் பார்த்தார். உண்மையிலேயே யோசித்தார் என்று நினைக்கிறேன். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. வாய் ஒருமுறை எதையோ உச்சரிப்பதுபோல அசைந்தது, ஒரு பெயராக இருக்கலாம். பிறகு திரும்பி, "நான் தம்பின்னு எழுதிட்டு, அது அவன் இல்லைன்னா?" என்றார். "இப்போ யாரோ ஒருத்தர் வாராங்க. எழுதிட்டா அதுவும் இல்லாமப் போயிரும்."

துவாரகா வந்தது. இறங்கினோம்.

வேலையை விட்டுவிடலாம் என்று எளிதாகச் சொல்லலாம். ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்ணைப் புதிதாக வேலைக்கு எடுக்கிற நிறுவனம் எங்கள் தொழிலில் எங்கே இருக்கிறது? வீட்டை வாடகைக்கு விட ஏற்பாடு செய்தார். போனை மட்டும் லைன்மேனிடம் சொல்லி என் வீட்டுக்கு மாற்றினார். ஒரே எக்ஸ்சேஞ்ச் என்பதால் நம்பர் அப்படியே வந்தது. பிஸ்கட் நிறக் கருவியைத் துண்டில் சுற்றி, தூங்குகிற குழந்தையைக் கொண்டுவருவதுபோலக் கொண்டுவந்து என் புத்தக அலமாரியில் வைத்தார்.

"அடிச்சா எடுங்க. யாருன்னு கேக்காதிய. என்னோட புனே நம்பரைச் சொல்லுங்க. அவங்க வைக்கிற வரைக்கும் நீங்க வைக்காதிய."

"நான் பேசலாமா?"

"அவங்க கேட்டாப் பேசுங்க."

வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். என் வீட்டையும், நான் ஒருவன் சாப்பிட்டு வைத்திருந்த ஒரு தட்டையும் பார்த்தார். மனைவி திருச்சியில் தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் வெளிநாட்டில், அவளிடமிருந்து நாளுக்கு ஒரு கட்டைவிரல் படம் போனில் வரும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. "வாரேன்" என்றார்.

மழைக்காலத்தில் முதல் போன் வந்தது. எடுத்து, புனே நம்பரை நிறுத்தி நிதானமாகச் சொன்னேன், கையேட்டில் எழுதுகிற மாதிரி. மறுமுனையில் சத்தம் இல்லை. இன்னொருமுறை சொன்னேன். வைத்துவிட்டார்கள். உடனே புனேவுக்குப் பேசிச் சொன்னேன். எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்து அவர் தானாக என்னைக் கேட்ட முதல் கேள்வி. அடுத்தடுத்து நான் பேசும்போதெல்லாம் அங்கே ஏதாவது வந்ததா என்று விசாரித்தேன்.

"இங்க வரலை" என்றார் ஒவ்வொரு முறையும். காலியாகக்கூட வரவில்லை.

பிறகு எங்களுக்குள் பேச்சு குறைந்தது. அவர் நம்பரை மாற்றிக்கொண்டாரோ என்னவோ, ஒரு கட்டத்தில் இணைப்பு கிடைக்காமல் போயிற்று. எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று எனக்கு இன்று தெரியாது. டீக்கடைப் பக்கம் ஒருமுறை போனபோது கடைக்காரர் என்னைப் பார்த்து, "மேடம்-ஜி?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் என்னைக் கேட்காமலே சீனி போட்ட டீயைக் கொடுத்தார். குடித்தேன்.

லேண்ட்லைன் என் அலமாரியில் இருக்கிறது. அது இன்னும் அடிக்கிறது. முன்னைவிடக் கொஞ்சம் அடிக்கடி. பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், அன்று அவர் எனக்குத் தட்டை எடுத்து வைத்த நேரத்தில். சொல்வதற்கு இப்போது என்னிடம் நம்பர் எதுவும் இல்லை. மறுமுனையில் இருப்பது தம்பியாக இருக்கலாம். பேச ஆளில்லாத ஊரிலிருந்து தன் பழைய நம்பருக்கே அடித்துப் பார்க்கிற ஒருவராகவும் இருக்கலாம். நம்பர் காட்டும் கருவி கடையில் சல்லிசாகக் கிடைக்கிறது. நான் வாங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமையும் அடித்தது. கையேட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

"ஆமா," என்றேன். "இங்கதான் இருக்கேன்."

மறுமுனையில் எங்கேயோ ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. என் வீட்டிலும் சுற்றியது. பேசாமல் இருக்கத் தெரியாதவன் நான். வாயை மூடிக்கொண்டு, அவர்கள் வைக்கும்வரை வைக்காமல் நின்றேன்.